ஜன்னல் சீட்டிலிருந்து ஒரு எரிமலை

இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தூரம். அது வெடித்ததற்கான முதல் பதிவு 1787-ல். பிறகு 19-ஆம் நூற்றாண்டில் அடங்கி, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு தூங்கி, 1991-ல் மறுபடி விழித்துக்கொண்டது. ஷூ கம்பெனி வேலையாக வெளிநாடு பறக்கும் அண்ணன்கள் ஆம்பூர்ப் பக்கம் நிறைய வீடுகளில் உண்டு. நாளைக்கு நீங்களும் பறக்கலாம். அதற்கு முன்னால் ஒரு சின்னப் பாடம்.

எந்தப் பக்கம்?

வரைபடத்தில் சென்னையிலிருந்து பாங்காக்குக்கு ஒரு நேர்கோடு போடுங்க. தீவு அந்தக் கோட்டுக்குத் தெற்கே சுமார் 150 கி.மீ. தள்ளி இருக்கும். ஆகவே போகும்போது வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். பகல் விமானமாக இருக்கணும். இறக்கைக்கு முன்னால் உட்காருவது நல்லது. பின்னால் உட்கார்ந்தால் எஞ்சினின் சூடான காற்று படத்தைக் கலக்கிவிடும். ஃபிளைட் மோடிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். மேப்பை மட்டும் முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொள்ளுங்க.

எவ்வளவு பெரிதாகத் தெரியும்?

35,000 அடி உயரத்தில் தொடுவானம் ஏறத்தாழ 370 கி.மீ. தூரத்தில் இருக்கும். எனவே வானம் தெளிவாக இருந்தால் தீவு பார்வைக்குள் வரும். அதன் அகலம் சுமார் 3 கி.மீ. மூன்றை 150-ஆல் வகுத்தால் 0.02 ரேடியன், அதாவது 1.15 டிகிரி. உங்கள் போன் கேமரா 65 டிகிரியை 4000 பிக்சலில் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தீவுக்குக் கிடைப்பது வெறும் 70 பிக்சல்! மூன்று மடங்கு ஆப்டிகல் ஜூம் இருந்தால் சுமார் 200. டிஜிட்டல் ஜூம் போட்டுப் பயனில்லை. அது இருக்கும் பிக்சலைத்தான் இழுத்துப் பெரிதாக்கும்.

எப்படி எடுப்பது?

முதல் எதிரி, ஜன்னலில் விழும் கேபின் வெளிச்சம். கருப்புத் தோல் துண்டு ஒன்றில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போடுங்க. சொரசொரப்பான பக்கம் ஜன்னலைப் பார்க்கட்டும், பிரதிபலிப்பு அடங்கிவிடும். ஆட்டோ ஃபோகஸ் ஜன்னல் கீறலில் போய் நிற்கும். அதை அணைத்து இன்ஃபினிட்டியில் வையுங்கள். ஷட்டர் வேகம் 1/1000 வினாடி. போலரைசர் ஃபில்டர் வேண்டாம். ஜன்னல் பிளாஸ்டிக்கில் இருக்கும் அழுத்தம் வானவில் கோடுகளாகத் தெரியும். போட்டோ எலாஸ்டிசிட்டி படித்தவர்களுக்குக் காரணம் புரியும்.

எங்கே பழகுவது?

ஆம்பூரிலிருந்து ஜோலார்பேட்டை போகிற ரயிலில், வாணியம்பாடி தாண்டியதும் இடப்பக்கம் ஏலகிரி. ஓடும் ரயிலில் அதைத் தெளிவாக எடுக்க முடிந்தால் பாதிப் பாடம் முடிந்தது. அந்த மலைக்கும் நெருப்போடு உறவு உண்டு. சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பு நிலத்தடியிலேயே ஆறி இறுகிய சையனைட் பாறை அது. மேலே இருந்த மண்ணும் பாறையும் அரித்துப் போனதால் நமக்குத் தெரிகிறது. அதனால்தான் அங்கே எரிமலை வாய் கிடையாது. பாரன் தீவில் சுமார் 2 கி.மீ. அகலத்துக்கு வட்டப் பள்ளம் இருக்கிறது. அதன் மேற்குச் சுவர் உடைந்து, லாவா அந்த வழியாகத்தான் கடலில் இறங்குகிறது.

ஏன் கிட்டே போகக் கூடாது?

1982 ஜூன் 24. லண்டனிலிருந்து பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாகப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 9, இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் இரவில் நுழைந்தது. நான்கு எஞ்சின்களும் நின்றன. சாம்பல் என்பது பொடியான பாறையும் கண்ணாடியும். எஞ்சின் சூட்டில் உருகி டர்பைனில் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த சாம்பல் என்பதால் வானிலை ரேடாரிலும் தெரியவில்லை. விமானம் சாம்பலுக்குக் கீழே இறங்கிய பிறகே எஞ்சின்கள் மறுபடி இயங்கின. உரசித் தேய்ந்து பார்வை மறைந்த முன்கண்ணாடியோடு ஜகார்த்தாவில் தரையிறக்கினார்கள். விமானத்தில் இருந்த அனைவரும் பிழைத்தார்கள். இன்று உலகெங்கும் ஒன்பது எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை மையங்கள் இருக்கின்றன. பாரன் தீவைக் கவனிப்பது ஆஸ்திரேலியாவின் டார்வின் மையம்.

எனவே நண்பர்களே, படத்தில் எரிமலை 70 பிக்சல்தான் வந்தது என்று வருத்தப்படாதீங்க. புகையும் மலை ஜன்னல் நிறையத் தெரிந்தால்தான் கவலைப்படணும்.