மூலக்கூறுகளின் விருந்தோம்பல்

விருந்தோம்பல் இல்லறத்தார்க்குரிய கடன் என்பது நாம் இளமை முதற் கேட்டறிந்த அறம். உயிரற்ற மூலக்கூறுகளிடத்தும் இல்லமும் விருந்தும் உண்டு என இரசாயன நூலார் கூறுவர். ஒரு மூலக்கூறு மற்றொன்றைத் தன் உட்புழையில் ஏற்று, வன்பிணைப்பு ஏதுமின்றித் தாங்குமாயின், ஏற்பது இல்லம், புகுவது விருந்து. இத்துறையில் உழைத்த பெடர்சன், கிராம், லேன் என்னும் மூவரும் 1987-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

இனி, ஒரு பரப்பின்மேல் இவ்வில்லம் எழுமாற்றை ஆராய்வோம். டிரைமெசிக் அமிலத்தின் மூலக்கூறு ஒரு பென்சீன் வளையமும், அதினின்று மூன்று திசைகளில் நீளும் கார்பாக்சில் கைகளும் உடையது. இதனைக் கிராபைட்டின் வழுவழுப்பான முகத்தில் இடின், ஒவ்வொரு கையும் அயலதன் கையை ஹைடிரஜன் பிணைப்பாற் பற்றும். ஆறு மூலக்கூறுகள் கூடி ஓர் அறுகோணமாம். அறுகோணங்கள் கூடித் தேன்கூடாம். ஓர் அறையின் குறுக்களவு ஏறக்குறைய 1.1 நானோமீட்டர், அஃதாவது, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூற்றினும் சிறிது மிகுதி. ஹைடிரஜன் பிணைப்பு மெலிந்ததாகலின், பிழைபடச் சேர்ந்தவை பிரிந்து மீண்டும் செவ்வனே சேரும். எனவே, அம்மெலிவே ஒழுங்கிற்குக் காரணமாயிற்று.

இவற்றைக் கண்டவாறு யாங்ஙனம் எனின், 1981-இல் பின்னிக், ரோரர் என்போர் சமைத்த நுண்காட்டியால் என்க. அதன் ஊசிமுனை பரப்பைத் தொடாது அணுகிச் செல்ல, இடையே பாயும் சிறு மின்னோட்டம் மேடுபள்ளங்களைப் புலப்படுத்தும்.

மேற்கூறிய அறையுள், ஏழு வளையங்கள் இணைந்த வட்டாகிய கொரொனீன் அமைந்து தங்கும். அறுபது கரியணுக்களாலாகிய புல்லரீன் உருண்டையும் தங்கும். 2003-இல் நாட்டிங்காம் ஆராய்ச்சியாளர், வெள்ளி பூத்த சிலிக்கன் பரப்பில், மெலமினை மூலையாகவும் பெரிலீன் வகையொன்றைச் சுவராகவும் கொண்டு பெரிய அறைகளை அமைத்தனர். அவ்வோர் அறையில் ஏழு புல்லரீன்கள் ஒருங்கே அமர்ந்தன.

இல்லம் முன்னும் விருந்து பின்னும் என்று இதுகாறும் கொண்டோம். அஃது எஞ்ஞான்றும் உண்மையன்று. ஐசோப்தாலிக் அமிலம் இரண்டே கைகளுடையது, தனித்திருப்புழி வளைந்து செல்லும் வரிசைகளாய் நெருங்கிக் கிடக்கும், அறை இல்லை. கொரொனீனைச் சேர்த்து, ஏற்ற வலைப்பின்னலும் அமையின், ஆறு ஐசோப்தாலிக் மூலக்கூறுகள் அதனைச் சூழ்ந்து வளையமாகும். பரப்பில் வெற்றிடம் விடுதல் மூலக்கூறுகட்கு இழப்பு. விருந்து அவ்விடத்தை நிரப்பி இழப்பை ஈடுசெய்கின்றது.

ஆகவே, மாணவ நண்பர்காள், வந்த விருந்தே இல்லத்தை எழுப்புதலும் உண்டு என்று அறிமின்.