வாக்குக் கொடுத்த பணம்

உத்தியோகத்தில் சேர்ந்து சம்பளம் வாங்கத் தொடங்கிய இளைஞனுக்குப் பெரியவர்கள் வழங்கும் உபதேசங்களில் பெரும்பாலானவை சில்லறைச் செலவைப் பற்றியனவாகவே இருக்கின்றன. கடையில் காபி குடிக்காதே, வாரந்தோறும் சினிமாவுக்குப் போகாதே, பிரியாணியை வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பிடாதே என்று அன்போடும் கவலையோடும் அவர்கள் சொல்வதை நானும் மரியாதையுடனேயே கேட்டு வந்திருக்கிறேன். ஆயினும், கிண்டியில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு, புதுக்கோட்டைச் சீமையிலுள்ள பெற்றோருக்கு மாதாமாதம் பணம் அனுப்பி ஜீவனம் நடத்திவரும் என் அனுபவத்தில், இஷ்டப்பட்டு இன்றைக்குச் செய்கிற செலவைக் காட்டிலும், என்றோ ஒரு நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு இனி மாதந்தோறும் செய்தே தீரவேண்டியதாகிவிட்ட செலவுதான் ஒருவனுடைய குடித்தனத்தைக் குலைக்கிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். காபிச் செலவை நாளைக் காலையிலேயே நிறுத்திவிடலாம். கடன் தவணையையோ, வேலை போனாலும் வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையானாலும் நிறுத்த முடியாது. ஆகவே என் சம்பளத்தைக் கையிலுள்ள பணம் என்றும் வாக்குக் கொடுத்த பணம் என்றும் மனத்துக்குள் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். முன்னதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. பின்னதைக் குறித்தே எப்போதும் விழிப்பாக இருக்கிறேன்.

இந்தக் கணக்கைப் போடுவதற்கு முதலில் சம்பளம் எவ்வளவு என்பது தெரிந்திருக்க வேண்டும். இதைச் சொல்வது அநாவசியமாகத் தோன்றலாம்; ஆனால், புதிதாக வேலைக்கு வந்த ஒரு பையன் முதல் மாதச் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு அருகில் வந்து, “அண்ணா, ஆஃபர் லெட்டர்ல ஆறு லட்சம்னு போட்டிருந்தாங்க. பன்னிரண்டால வகுத்தா ஐம்பதாயிரம் வரணுமே, நாற்பத்திரண்டு சொச்சம்தான் வந்திருக்கு” என்று கலங்கிய முகத்தோடு கேட்டதை நினைத்தால், அது அவசியமே என்று தோன்றுகிறது. நான் அவனை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். அவனுடைய அடிப்படைச் சம்பளம் 25,000 ரூபாய். அதில் 12 சதவீதமாகிய 3,000 ரூபாயைக் கம்பெனி தன் பங்காக வருங்கால வைப்புநிதிக்குக் கட்டுகிறது. அதுவும், பணிக்கொடைக்கென்று ஒதுக்கும் 1,202 ரூபாயும் அந்த ஐம்பதாயிரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. மிச்சமாகிய 45,798-இல் அவன் பங்கு வைப்புநிதியாக மற்றொரு 3,000 பிடித்தம் போக, வங்கிக்கு வருவது 42,798. கம்பெனி கட்டும் மூவாயிரமும் வைப்புநிதியில் சேர்கிறதேயன்றி, மாதந்தோறும் கைக்கு வருவதில்லை. பணிக்கொடையோ, பொதுவாக ஐந்து வருஷம் வேலை பார்த்தவனுக்கே கிடைப்பது. இதிலே யாரும் அவனை ஏமாற்றவில்லை. ஆனால், அவன் ஐம்பதாயிரத்தை நம்பி ஏற்கெனவே சில இடங்களில் வாக்குக் கொடுத்திருந்தான் என்பதுதான் விசனம்.

கைக்கு வரும் சம்பளத்தில் பாதிக்கு மேல் வாக்குக் கொடுக்கலாகாது என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட நியமம். வாடகை, பராமரிப்புக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் தொகை, கடன் தவணை, காப்பீட்டுப் பிரீமியம், சீட்டுப் பணம், கைபேசி மூலம் மாதந்தோறும் தானாகவே கழித்துக்கொள்ளும் சந்தாக்கள் ஆகிய எல்லாம் இந்தப் பாதிக்குள் அடங்கவேண்டும். அந்தப் பையனுக்குப் பாதி என்பது ஏறக்குறைய 21,400. வாடகைக்கும் பராமரிப்புக்கும் 12,000, வீட்டுக்கு 6,000 என்று கொடுத்தது போக அவனுக்கு மிஞ்சியிருந்த இடம் 3,400 ரூபாய்தான்.

வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு விதமாக உடன்பாடு செய்துகொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்கிறது. இந்த விஷயம் குடியேறுகிறவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்து, பணிவாகப் பேசினால் பத்து ஆறாகவாவது குறைவதுண்டு. அப்படிக் குறையும் பணம் வட்டிக்குக் கடன் வாங்கிக் கொடுக்கிற பணமாக இருந்தால் அந்த லாபம் இரட்டிப்பாகிறது. மற்றபடி, வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மின்சார ரயில் நிலையத்துக்கு நடந்துபோகிற தூரத்தையே நான் பிரதானமாகக் கருதினேன். சீசன் டிக்கெட்டின் செலவு அற்பம்; அந்தச் சௌகரியத்தினாலேயே இன்றுவரை நான் வண்டி வாங்கவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்படவில்லை.

பையனுக்கோ வண்டி வேண்டியிருந்தது. அவன் வீடு ரயில் பாதையிலிருந்து வெகு தூரம். ஒரு லட்சம் ரூபாய்க் கடன், மூன்று வருஷம், ‘பத்தே சதவீத வட்டி’, மாதத் தவணை 3,611 என்று கடன் கொடுப்பவருடைய ஏஜென்ட் சொல்லியிருந்தார். இந்தப் பத்து என்பது, திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும், முழு ஒரு லட்சத்துக்கும் மூன்று வருஷம் போடுகிற வட்டி. அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற முறையில் கணக்கிட்டால் அது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 18 சதவீதமாகிறது. இதை நான் வாயால் சொல்லியிருந்தால் பையன் நம்பியிருப்பானோ என்னவோ. நல்ல வேளையாக, 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து கொடுக்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவரங்கள் அடங்கிய ஓர் அறிக்கையை, கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற பாஷையில், முன்கூட்டியே தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி செய்திருக்கிறது. “அந்தப் பேப்பரைக் கேளு, தம்பி. ஏபிஆர்னு, கட்டணமெல்லாம் சேர்த்து வருஷ வட்டியைச் சொல்ற ஒரு எண் இருக்கும், அதை மட்டும் பார்” என்றேன். ஏஜென்ட் சற்றே தயங்கிவிட்டு அனுப்பினார். 2,000 ரூபாய் பிராசஸிங் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்ததால், அந்த எண் பத்தொன்பதைத் தாண்டியிருந்தது. சாதாரண தவணைக் கடன்களில் அந்த அறிக்கையைக் கொடுத்த பிறகு யோசிப்பதற்கு மூன்று வேலை நாட்களாவது அவகாசம் தரவேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது. ‘இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த வட்டி’ என்று அவசரப்படுத்துகிறவரிடம் இதை நினைவூட்டலாம்.

அவனுக்கு நான் சொன்ன மற்றொரு யோசனை, என் வாழ்க்கையிலே நான் கைக்கொண்டு பயன் கண்டது. எந்தத் தவணையையும் ஏற்பதற்கு முன்னால், அதே தொகையை அதே தேதியில் வங்கியில் ஓர் ஆர்.டி. கணக்கில் சில மாதம் கட்டிப் பார்க்கவேண்டும். தடங்கலின்றிக் கட்ட முடிந்தால் நம்மால் தாங்க முடியும் என்பது நிச்சயமாகிறது. முடியாவிட்டால், கடனில் மாட்டிக்கொள்ளாமலே அந்த உண்மை தெரிந்துவிடுகிறது. இரண்டில் எது நேர்ந்தாலும் கையில் ஒரு தொகை சேர்ந்திருக்கும். பையன் அப்படிச் சேர்த்த பணத்தை முன்பணமாகக் கொடுத்து, பாதிக் கடனோடு, இரண்டாம் கை வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டான்.

வட்டியே இல்லாத தவணை என்று விளம்பரம் செய்கிறார்களே என்று கேட்பார்கள். வட்டியில்லாக் கடன் என்பதாக ஒன்று கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதிவிட்டது. ரொக்கம் கொடுத்தால் கிடைக்கக்கூடிய தள்ளுபடியிலோ, பிராசஸிங் கட்டணத்திலோ அந்த வட்டி அடங்கியிருக்கும். கிரெடிட் கார்டில் ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டுவதோ அதைவிட அபாயம். மாதத்துக்கு மூன்று, மூன்றரை சதவீதம் என்று பாக்கிக்கு ஏறும் வட்டி ஒருபுறமிருக்க, அந்தப் பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி உண்டு. நகைக் கடைகளில் மாதந்தோறும் கட்டும் சேமிப்புத் திட்டங்கள் பதினொரு மாதத்தோடு முடிவதற்கும் காரணம் இருக்கிறது: ஒரு வருஷத்துக்குமேல் கம்பெனியிடம் நிற்கும் முன்பணம் சட்டத்தின் பார்வையில் டெபாசிட் ஆகிவிடும். வங்கி டெபாசிட்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. நகைக் கடையில் கட்டிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தங்கைக்குக் கல்யாணத்துக்கென்று நகை சேர்க்கும் அண்ணன்மார்களுக்கு இதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பணத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எண்ணவேண்டாம். என்னோடு கல்லூரியில் படித்த சிநேகிதர் ஒருவர், மேலதிகாரியின் அவமரியாதையை நித்தமும் சகித்துக்கொண்டு, இரவில் தூக்கமும் இழந்து, ஒரு வேலையில் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தார். வேலை தெரிந்தவர், வேறிடத்தில் நிச்சயமாகக் கிடைத்திருக்கும். ஆனால், இரண்டு மாதம் சம்பளமில்லாமல் இருக்கமுடியாதபடி காருக்கும், பர்சனல் லோனுக்கும், கைபேசிக்கும் அவருடைய மாதங்கள் முன்கூட்டியே விலைபோயிருந்தன. ‘நாளைக்கே ராஜிநாமா எழுதிடுவேன்’ என்று மாலைதோறும் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் அதே பேருந்தில் ஏறிப்போகிற அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உண்டான துக்கம் இன்னும் மாறவில்லை. வாக்குக் கொடுத்த பணம் பெருகப் பெருக, முடியாது என்று சொல்லும் சுதந்திரம் சுருங்குகிறது. இளமையில் மனிதனுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆபத்துக் காலத்துக்கென்று சேமிக்கவேண்டிய தொகையையும் இந்த அளவுகோலாலேயே நான் நிர்ணயிக்கிறேன். ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வை என்றால் இளைஞர்களுக்கு மலைப்பாக இருக்கிறது. வாக்குக் கொடுத்த பணத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆறு மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டால், தொகையும் சிறிதாகிறது, வாக்குகளைக் குறைக்கவேண்டும் என்ற எண்ணமும் தானே பிறக்கிறது. காப்பீட்டைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. உறவினர் வற்புறுத்தலுக்காக, இருபது வருஷம் பிரீமியம் கட்டும் பாலிசியில் கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு, பத்திரம் கைக்கு வந்த முப்பது நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பெரும்பகுதிப் பணத்தை மீட்டுக்கொள்ளும் உரிமை இருக்கிறது என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். பெற்றோருக்கென்று தனியாக ஒன்று இருப்பது நலம்.

எல்லா வாக்குகளும் தவிர்க்கத்தக்கவை என்று நான் சொல்ல வரவில்லை. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரங்களில் ஆடி மாதம் பிறந்தால் நடக்கும் மொய்விருந்துகளைப் பலரும் அறிவார்கள். பந்தலில் கறிவிருந்து நடக்கும். ஒரு புறத்தில் ஊர் ஊராகப் பிரித்து மேஜை போட்டு மொய் எழுதுவார்கள். ஐயாயிரம் வாங்கியவர், கொடுத்தவருடைய முறை வரும்போது ஆறாயிரமாகச் செய்வார். ஐயாயிரம் பழைய கணக்கைத் தீர்க்க, மேற்கொண்டு வைத்த ஆயிரம் புது மொய்யாக நிற்கும். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, வட்டியும் கிடையாது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னந்தோப்பை ஓர் இரவில் சாய்த்துவிட்டுப் போன பிறகு, அப்பா எந்த வங்கிப் படியும் ஏறவில்லை. எங்கள் முறை வந்தபோது விழுந்த மொய்ப் பணத்தில்தான் புதிதாகக் கன்று வைத்தார், போர் போட்டார்.

ஆனால், அந்தப் பணம் முழுவதும் வாக்குக் கொடுத்த பணமே. போன வருஷம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, அப்பா பெட்டியிலிருந்து நீண்ட மொய் நோட்டை எடுத்து என் முன் வைத்தார். ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை என்று நான்கு பத்தியாக அவர் கையெழுத்திலேயே எழுதியது. தீர்ந்த கணக்குகளுக்குப் பச்சை மையால் ஒரு கோடு. என் சம்பளத்தில் இதற்கு எவ்வளவு இடம் உண்டு என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். வசதியாக இருப்பவர்களுக்கு வாங்கியதை மட்டும் செய்து கணக்கை முடித்துவிடலாம், தோப்பை இழந்து இன்னும் தலையெடுக்காதவர்களுக்கு மட்டும் கூட்டிச் செய்யலாம் என்று நான் சொன்னேன்.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “வாங்குனதை மட்டும் வச்சா கணக்குத் தீந்து போகும் தம்பி, உறவும் அதோட தீந்து போகும். நூறு ரூவாயாச்சும் கூட வைக்கணும்” என்றார்.

“நூறு ரூவா வச்சாக் கோவிச்சுக்க மாட்டாங்களாப்பா?”

“வைக்காம இருந்தாத்தான் கோவிச்சுக்குவாங்க.”

அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். வசதியானவர்களுக்கு நூறு, மற்றவர்களுக்குச் சக்திக்கு ஏற்றபடி என்று பக்கம் பக்கமாகக் குறித்து, வரும் ஆடி, ஆவணியில் செய்யவேண்டியதைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகைக்கு ஓர் ஆர்.டி. தொடங்கியிருக்கிறேன். அது என் சம்பளத்தின் பாதிக்குள் அடங்குவதற்காக, தெருக்கோடியில் கட்டிக்கொண்டிருந்த சீட்டு முடிந்ததும் புதிய சீட்டில் சேரவில்லை. அம்மாவின் பிறந்தகத்து மனிதர்கள் உள்ள பக்கங்களை மட்டும் அப்பா இன்னும் என்னிடம் காட்டவில்லை. அவற்றைத் தம் காலம்வரை தாமே செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.