கம்பியற்ற விசைப்பலகை

சேலத்தை அடுத்த இளம்பிள்ளை புடைவை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். பூவேலைப்பாடுள்ள புடைவை நெய்யும் பழைய முறைத் தறிகளின் தலைமேல், துளையிட்ட அட்டைகள் மாலைபோலக் கோக்கப்பெற்றுத் தொங்கும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதனோடு பிணைந்த பாவுநூல் மேலே எழும். துளை இல்லாத இடத்தில் நூல் எழாது. பூவின் வடிவம் முழுதும் அவ்வட்டைகளிலேயே அடங்கியுள்ளது. பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பார் 1804ஆம் ஆண்டில் அமைத்த இம்முறை, பிற்காலத்தில் கணிப்பொறிக்கும் வழிகாட்டியாயிற்று. கணிப்பொறி தோன்றிய தொடக்கக் காலத்தில், அதற்கு ஆணையிட விரும்பியவர் அட்டையில் துளையிட்டே உள்ளே செலுத்தினர். அவ்வட்டையின் இடத்தைப் பின்னர் விசைப்பலகை பிடித்துக்கொண்டது. அதுவும் இப்பொழுது தன்னைப் பிணித்திருந்த கம்பியை அறுத்துக்கொண்டு விடுதலை பெற்றுவிட்டது.

கம்பியற்ற விசைப்பலகை உள்ள வீட்டில், திரையைச் சுவரோரம் வைத்துவிட்டு, எட்டடி தள்ளிப் பாய் விரித்தமர்ந்து, மடிமேல் பலகையை வைத்து எழுதலாம். பலகைக்கும் பொறிக்கும் இடையே செய்தியைச் சுமந்து செல்வது கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலை. இவ்வலை உண்மையில் உண்டு என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் 1880களில் மெய்ப்பித்தார். நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ், 1890களில் கல்கத்தாவில் அவ்வலையைச் சுவருக்கு ஊடே செலுத்தி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். விசைப்பலகை பயன்படுத்தும் அலையானது நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிர்வது. சில பலகைகளுக்கு, கணிப்பொறியின் துளையில் செருகும் விரல்நுனியளவான ஏற்பி ஒன்று உடன் வரும். வேறு சில, புளூடூத் என்னும் முறையால் நேரே பொறியோடு இணையும். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட மன்னன் ஒருவனின் பட்டப்பெயர் அது.

அண்டை வீட்டிலும் அதே அலையைப் பயன்படுத்தும் கருவிகள் இருக்குமே, செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடாவோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. புளூடூத் ஒரே அலைவரிசையில் நிற்பதில்லை. 79 வரிசைகளுக்குள் நொடிக்கு 1600 முறை இடம் மாறித் தாவுகிறது. எங்கே தாவுவது என்பதைப் பலகையும் பொறியும் முன்னரே தமக்குள் ஒத்துக்கொள்கின்றன. இவ்வாறு தாவும் கருத்துக்கு 1942ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இருவருள் ஒருவர் திரைப்பட நடிகை ஹெடி லமார், மற்றவர் இசைவாணர். பியானோவுக்கு 88 விசைகள் இருப்பதுபோல, அவர்தம் திட்டத்திலும் 88 அலைவரிசைகள் இருந்தன!

இத்தகைய பலகை ஒன்று இராசிபுரத்தில் ஓர் இல்லத்துக்கு வந்தது. அவ்வில்லத்து முதியவர் அரசு அலுவலகத்தில் தமிழ்த் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெயர்த்தி ஒன்பதாம் வகுப்பு மாணவி. ஊரின் தென்கிழக்கே நீலநிறமாய்த் தோன்றும் கொல்லிமலையைப் பற்றி அவள் கட்டுரை எழுதவேண்டியிருந்தது. பலகையைப் பிரித்தவுடன் அவள் முகம் வாடிற்று.

“தாத்தா, இதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லையே!”

“அதனால் என்ன, கண்ணு? பலகைக்கு எந்த எழுத்தும் தெரியாது” என்றார் முதியவர்.

அவர் சொன்னது விளையாட்டுச் சொல் அன்று. விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. அழுத்தப்பெற்ற விசை எது என்பதைக் குறிக்கும் எண்ணையே அனுப்புகிறது. ஆங்கில ‘எச்’ பொறித்த விசையை அழுத்தினால் கணிப்பொறிக்குக் கிடைப்பது 11 என்னும் எண். அதனை ‘எச்’ என்று கொள்வதா, ககரம் என்று கொள்வதா என்பதை முடிவு செய்வது பொறிக்குள் இருக்கும் மென்பொருளே. ஆதலால், சேலத்துக் கடைவீதியில் வாங்கிய எந்தப் பலகையும் தமிழ்ப்பலகை ஆகலாம். இதனை அறியாத பலர், ஆங்கில எழுத்துகளால் தமிழ்ச் சொல்லை ஒலிபெயர்த்துத் தட்டி, தமிழாக மாற்றும் பொறுப்பைப் பொறியிடமே விட்டுவிடுகின்றனர்.

பெயர்த்தியும் அன்று அவ்வாறே செய்தாள். ஆங்கிலத்தில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் எழுத்து ஒன்றே. பொறி தன் மனம்போன போக்கில் ஊகித்தது. கட்டுரையின் தலைப்பு ‘கொள்ளிமலை’ என்று திரையில் விழுந்தது. கொள்ளி என்பது எரிகின்ற விறகுக்கட்டை. வல்வில் ஓரி ஆண்ட, சங்கப் புலவர் பாடிய மலை, நொடிப்பொழுதில் கொள்ளிக்கட்டை ஆயிற்று! பள்ளி பல்லியாவதும் இவ்வழியில்தான். பொறியின் பிழை என்று இதனைத் தள்ளிவிட இயலாது. லகர ளகர ழகர வேறுபாட்டை விரல் அறியாதபோது, நாளடைவில் நாவும் மறக்கும்.

தமிழுக்கெனத் தனி விசை அமைப்பு இல்லாமற் போகவில்லை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா, 1930களில் தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கினார். 247 எழுத்துகளை நாற்பதுக்குச் சற்று மிகுந்த விசைகளில் அடக்கவேண்டும். அதற்கு அவர் கண்ட உத்திகளுள் ஒன்று ‘நகரா விசை’. புள்ளியை அழுத்தினால் தாள் நகராது. அடுத்து அழுத்தும் எழுத்து அப்புள்ளியின் கீழேயே வந்து பதியும். இராசிபுரத்து முதியவர் இளமையில் கற்றது அம்முறையே.

வேறோர் அமைப்பு ‘தமிழ் 99’ என்பது. 1999ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்டது இது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்யெழுத்துகளுள் பெரும்பாலான வலக்கைப் பக்கம். நடுவரிசையில் இடமிருந்து வலமாக அ, இ, உ, ஃ, எ, க, ப, ம, த, ந, ய என நிற்கும். ஆய்த விசையே புள்ளியிடவும் பயன்படும். இடக்கைச் சுட்டுவிரல் இயல்பாகப் படியும், சிறு மேடு உள்ள விசையே அதற்கு அளிக்கப்பெற்றுள்ளது. தமிழில் புள்ளி எத்துணை மிகுதியாக வரும் என்பதை எண்ணினால் இதன் பொருத்தம் விளங்கும்.

இவ்விரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. ‘கொ’ என்று எழுத, தட்டச்சுப்பொறியில் முதலில் ஒற்றைக்கொம்பு, பின்னர்க் ககரம், பின்னர்க் கால் என மூன்று விசைகளை அழுத்தவேண்டும். கண்ணுக்குத் தோன்றும் வரிசை அது. தமிழ் 99இல் ககரத்தை அழுத்தி, ஒகரத்தை அழுத்தினால் போதும். காதுக்குக் கேட்கும் வரிசை இது. மெய் முன்னும் உயிர் பின்னுமாகக் கூடி உயிர்மெய் பிறக்கும் என்னும் எழுத்திலக்கணத்தை, இங்கு விரல்களே நடத்திக் காட்டுகின்றன. மேலும், ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். அ, ம, ம, ஆ எனத் தட்ட, ‘அம்மா’ தோன்றும். மெல்லினத்தின்பின் அதன் இனமான வல்லினம் வந்தாலும் அவ்வாறே. த, ங, க, ம, ஃ எனத் தட்டினால் ‘தங்கம்’. இன எழுத்து என்று வகுப்பில் கற்ற பாடம் இங்கே உழைப்பைக் குறைக்கிறது. புள்ளி வேண்டாத இடமும் உண்டு. ‘மமதை’ என்று எழுதுவோர் இரு மகரங்களுக்கு நடுவே அகரத்தைத் தட்டவேண்டும். சங்ககிரி என்னும் ஊர்ப்பெயரின் ககரங்களுக்கு இடையிலும் அவ்வாறு செய்வது நன்று.

இல்லத்துக்கு வந்த பலகையின் வலப்புறத்தில் உள்ளங்கை அகலத்தில் தொடுபலகை ஒன்றும் இருந்தது. திரையில் சுட்டியை நகர்த்துவதற்கு முன்னர்ச் சுண்டெலி என்னும் கருவியே பயன்பட்டது. அதனை எங்கல்பார்ட் என்பார் 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மக்கள்முன் இயக்கிக் காட்டினார். மடிக்கணிப்பொறியோடு வந்த தொடுபலகையைத் தமிழகத்துச் சிற்றூர் மாணவர் பலர் 2011ஆம் ஆண்டில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தாலேயே முதன்முதல் தொட்டறிந்தனர். அதன் மேற்பரப்பின் அடியில் மெல்லிய மின்கடத்திகள் குறுக்கும் நெடுக்குமாக, பாவும் ஊடும்போல ஓடுகின்றன. அவற்றைச் சூழ்ந்த மின்புலத்தை விரல் நெருங்கும்போது மாற்றுகிறது. எந்தக் கடத்திகளின் சந்திப்பில் மாற்றம் நிகழ்ந்தது என்பதைக் கொண்டு விரலின் இடத்தைக் கருவி அறிகிறது. ஆதலால் உலர்ந்த குச்சியால் தொட்டால் அது பாராமுகமாயிருக்கும். ஈரக்கையால் தொட்டால் தடுமாறும். முதியவரின் பெயர்த்தி கைகழுவி வந்த ஈரத்தோடு தொட்டபோது, சுட்டி திரையெங்கும் ஓடித் திரிந்தது.

கம்பி இல்லாமையால் வரும் தொல்லைகளும் சில உள்ளன. மின்கலம் தீர்ந்தால் பலகை ஊமையாகும். ஏற்பியை இரும்புப்பெட்டியின் பின்புறம் செருகினால் அலை தடைப்படும். முன்புறத் துளையில் செருகுதல் தக்கது. போதிய மறையீடு இல்லாத சில பலகைகள் அனுப்பும் எழுத்துகளை அருகிலிருப்போர் கவர்தல் கூடும் என்று 2016ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைத் தட்டுவோர் மறையீடு உள்ள பலகையைக் கேட்டு வாங்கவேண்டும்.

மாணவி அன்று மாலையே தமிழ் 99 அமைப்பைத் தேர்ந்துகொண்டாள். விசைகளின் வரிசையைத் தாளில் எழுதித் திரையின் அருகே ஒட்டினாள். க, ஒ, ல, ல, இ, ம, ல, ஐ என எட்டு விசைகளை மெல்லத் தேடித் தட்டியதும், ‘கொல்லிமலை’ என்பது பிழையின்றித் திரையில் எழுந்தது. அவள் கை ஓய்ந்தபின் முதியவர் பலகையைத் தம் மடிக்கு மாற்றி, மென்பொருளில் பழைய தட்டச்சு முறையைத் தேர்ந்து, ஒற்றைக்கொம்பில் தொடங்கி அதே சொல்லை விரைந்து எழுதினார். விசைகளின்மேல் பொறித்திருந்த ஆங்கில எழுத்துகளை அவர் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.