மாட்டாஸ்பத்திரியும் பெரியாஸ்பத்திரியும்

நாய் வளர்க்கிற வீட்டுக்கு இரண்டு ஆஸ்பத்திரிகளின் வழி தெரிந்திருக்க வேண்டும். ஒன்று மாட்டாஸ்பத்திரி. ஊரில் யாரும் அதைக் கால்நடை மருந்தகம் என்று சொல்வதில்லை; கிளியைத் தூக்கிக்கொண்டு போனாலும் அது மாட்டாஸ்பத்திரிதான். இன்னொன்று பெரியாஸ்பத்திரி, அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். முன்னது நாய்க்கு, பின்னது நாய் வைத்திருப்பவருக்கு.

இதை எழுதுகிறவர் வீட்டில் ஒரு நாட்டு நாயும் ஒரு பூனையும் உண்டு. பால்காரர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் நாய் வாசலுக்குப் போய்விடும். இடி இடித்தால் மட்டும் அத்தனை வீரமும் கட்டிலுக்கடியில். பூனையின் வழக்கம் வேறு. வீட்டுக்காரர் பேப்பரை விரித்ததும் அதன் நடுவில் வந்து உட்காரும். தலையங்கம் படிக்க வேண்டுமென்றால் வாலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வெளியூர்க் கல்யாணங்களுக்குக் குடும்பத்தோடு போவது நின்றுபோய்ப் பல காலம் ஆகிறது. அதில் யாருக்கும் பெரிய வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

சென்னைவாசிகளுக்கு மாட்டாஸ்பத்திரி என்றால் வேப்பேரி. 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் வளாகத்துக்குக் காலையில் போனால் லாப்ரடார், வெள்ளாடு, கூண்டில் லவ் பேர்ட்ஸ் என்று சகலமும் காத்திருக்கும். முன்பின் தெரியாதவர்கள் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.

“உங்க பையனுக்கு என்னங்க?”

“ரெண்டு நாளா சாப்பிடல சார். உங்க பொண்ணுக்கு?”

“உண்ணிக் காய்ச்சல்னு சொல்றாங்க.”

அந்த பெஞ்சில் காதுகொடுத்தால் பாதி வைத்தியம் கற்றுக்கொள்ளலாம். குட்டி நாயை முதல் தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கக் கூடாது. பார்வோ வைரஸ் தொற்றினால் வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகச் சில நாட்களில் முடிந்துவிடும். மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி, மருத்துவர் சொல்லும் நாளில் பூஸ்டர், பிறகு வருஷா வருஷம். உண்ணியை முதுகில் தேடிப் பயனில்லை. காதுமடலுக்கு உள்ளேயும் கால்விரல் இடுக்குகளிலும்தான் அது குடியிருக்கும். பூனைக்கு உடம்பு சுட்டால் நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலில் பாதியை உடைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பூனையின் ஈரலால் அந்த மருந்தைச் சரியாக முறிக்க முடியாது. பாதி மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

பெரியாஸ்பத்திரி பக்கம் வருவோம். செல்லப் பிராணி வைத்திருப்பவர்கள் அதிகம் அசட்டை செய்வது இந்தப் பக்கத்தைத்தான்.

பந்து பிடுங்கும் விளையாட்டில் நாயின் பல் லேசாகப் படும். பூனை மடியிலிருந்து தாவும்போது நகம் கீறும். “நம்ம நாய்தானே, என்ன ஆகிடப்போகுது” என்று துடைத்துவிட்டுப் போவார்கள். தோல் கிழிந்திருந்தால் உடனே குழாயடிக்குப் போய், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவினால்தான் அது எவ்வளவு நேரம் என்று தெரியும்; பெரும்பாலோர் ஒரு நிமிடத்தில் கையை உதறிவிடுகிறார்கள். ரேபிஸ் கிருமிக்கு வெளியே கொழுப்பாலான உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கழுவிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பூனைக் கீறலுக்கும் இதே கதைதான். கடித்த பிராணிக்குத் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். அதை வைத்து முடிவெடுக்க வேண்டியவர் மருத்துவர்.

அரசு மருத்துவமனையில் நாய்க்கடி ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் ஒவ்வொரு கை மேற்புறத்திலும் 0.1 மில்லி மருந்து. கொசு கடித்தாற்போல் சின்னதாக உப்பும், அவ்வளவுதான். 0, 3, 7, 28 என்று நான்கு நடை. முதல் ஊசி போட்ட நாள்தான் 0. ஓ.பி. சீட்டில் எழுதிக் கொடுக்கும்போதே செவிலியர்கள் எச்சரிப்பார்கள்: “ஐயா, இருபத்தெட்டாம் தேதி இல்லீங்க, இருபத்தெட்டாவது நாள். மறந்துடாதீங்க.” மறக்கத்தான் செய்கிறார்கள். காயம் ஆறியிருக்கும், நாய் வாலாட்டிக்கொண்டு நிற்கும், கடைசி ஊசி அப்படியே விட்டுப்போகும்.

ரத்தம் வரும்படி கடித்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்தைச் சுற்றியும் உள்ளேயும் செலுத்த வேண்டும். தடுப்பூசியால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர நாளாகும். அந்த இடைவெளியில் காப்பது இதுதான். இது எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருப்பதில்லை. எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்று கடிபடுவதற்கு முன்பே விசாரித்து வைப்பது புத்திசாலித்தனம். தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டால் இன்னும் நிம்மதி: பிறகு கடிபட்டால் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும், இம்யூனோகுளோபுலினும் தேவைப்படாது. தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறவர்கள் இதை அவசியம் யோசிக்க வேண்டும்.

இத்தனையும் பக்கத்தில் கிடைப்பது சாதாரண விஷயமல்ல. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம்-வால்ஷ் என்ற இளம்பெண் குன்னூரில் வெறிநாய்க்கடியால் இறந்தார். அப்போது இந்தியாவில் சிகிச்சை இருந்த இடம் இமயமலைப் பக்கத்துக் கசௌலி. நீலகிரியிலிருந்து அத்தனை தூரம் ரயிலேறி யார் போவது? அந்த மரணத்துக்குப் பிறகுதான் குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிலையம் வந்தது. அப்புறம் வந்த தலைமுறைக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட பதினான்கு ஊசிகள் நினைவிருக்கும். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்து வலியோடு நரம்புக் கோளாறுகளையும் சிலருக்குக் கொடுத்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதைக் கைவிட்டார்கள். குன்னூரே செல் வளர்ப்பு முறையில் புதிய தடுப்பூசியும் தயாரித்தது.

பிறகு சீர்திருத்தம் வந்தது. உற்பத்தித் தரவிதிகளின்படி இல்லை என்று சொல்லி 2008-ல் குன்னூர், கிண்டி, கசௌலி ஆகிய மூன்று அரசுத் தடுப்பூசி நிறுவனங்களின் உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்திவைத்தது. உரிமம் திரும்பி வந்தது 2010-ல். தரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பழைய கட்டடத்தைச் சீர்செய்யும்வரை மாற்று ஏற்பாட்டோடு காத்திருந்திருக்கலாமே என்பதுதான் அன்று எழுந்த கேள்வி. அது நியாயமான கேள்வி.

இன்றைய கவலை காப்பீட்டைப் பற்றியது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இதய அறுவை சிகிச்சைக்குத் தாலியை அடகு வைக்க இருந்த எத்தனையோ குடும்பங்களை இவை காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தவருக்குத்தான் பேசும். நாய்க்கடிக்காரர் படுக்கையில் சேர்வதில்லை. நடந்து வந்து, ஊசி போட்டுக்கொண்டு, பஸ் ஏறுகிறவர். அவருக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் ஊசி அறையும், 2 முதல் 8 டிகிரிக்குள் மருந்தை வைத்திருக்கும் குளிர்பெட்டியும்தான். அந்தப் பெட்டியில் மருந்து தீராமல் பார்த்துக்கொள்ளவே 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை உருவாக்கினார்கள். மொத்தக் கொள்முதல், மாவட்டக் கிடங்கு என்ற அந்த ஏற்பாட்டைப் பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றின. காப்பீட்டுக்குப் பணம் ஒதுக்கும்போது இந்தப் பக்கம் சுருங்கினால் முதலில் தெரிந்துகொள்பவர்கள் கடிபட்டவர்கள்தான். அதிலும் முகத்துக்கு நேரே கடிபடும் உயரத்திலிருக்கும் குழந்தைகள்.

பிராணி வளர்ப்பவர்கள் கேட்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியபோது முணுமுணுத்தவர்கள் பலர். சிப் அரிசியளவுதான், தோலுக்கடியில் கிடக்கும். உரிமம் வாங்க ரேபிஸ் ஊசிச் சான்று கேட்பதால், அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்தே அது பாதுகாப்பு. கேட்க வேண்டிய இடம் கிராமங்களில் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும்போது, நம்மூர் சுகாதார நிலையத்தில் நாய்க்கடி ஊசி இருப்பு எவ்வளவு, விடுமுறை நாளில் யார் போடுவார்கள் என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்கலாம். மாட்டாஸ்பத்திரிக்கும் அதே மூச்சில் ஒரு தீர்மானம் போடலாம்: செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினத்தையொட்டி ஊரிலேயே இலவச ஊசி முகாம். முகாமுக்குப் போகிறவர்கள் நாயை நல்ல சங்கிலியில் பிடித்துக்கொண்டு, பழைய ஊசி அட்டையோடு வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது. பூனையைத் துணிப்பையில் கொண்டு போகாதீர்கள், வரிசையில் நிற்கும் நாய்களைக் கண்டதும் பையைக் கிழித்துக்கொண்டு ஓடிவிடும்.