கலம் உடைந்தோரும் கரையில் நிற்போரும்



நெருளின் மேற்கே தாணே கழியும், தெற்கே பன்வேல் கழியும் கிடக்கின்றன. இங்குள்ள கராவே முதலிய பழஞ்சிற்றூர்களில் வாழும் கோலி மீனவர், மழைக்காலத்தில் நிறுத்திவைத்த தொழிலை நாரளி பூர்ணிமையன்று கடலுக்குத் தேங்காய் படைத்து மீண்டும் தொடங்குவது மரபு. காற்றின் காலமறிந்து கடலில் இறங்க வேண்டும் என்னும் அறிவு, எத்தனையோ உயிர்களை இழந்த பிறகே மனிதர்க்கு வாய்த்தது. பாய்மரக் கப்பற் காலத்தில் கலங்கள் எவ்வாறு உடைந்தன, உடைந்த காலத்து மனிதர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. கலம் உடைவதன் காரணம்

பலகைகளைத் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்த கலங்களே இந்துமாக்கடலில் நெடுங்காலம் ஓடின. அவை அலைக்கு வளைந்து கொடுக்கும். ஆனால் தையல் தளர்ந்தால் நீர் உட்புகும். இலங்கையின் தென்கரையில் கொடவாய என்னுமிடத்துக்கு அப்பால் கடலடியில் கிடக்கும் கலமே, இந்துமாக்கடலில் இதுவரை அறியப்பட்ட கலச்சிதைவுகளுள் மிகப் பழமையானது. ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட அக்கலத்தில் கண்ணாடிக் கட்டிகளும், அம்மி போன்ற கல் இருக்கைகளும், மட்கலங்களும் இருந்தன. அதே கொடவாயத் துறைமுகத்தின் சுங்க வருவாயைக் கஜபாகு மன்னன் அங்குள்ள விகாரைக்கு அளித்ததைக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. கடல் வாணிகமும் பௌத்த சங்கமும் ஒன்றையொன்று தாங்கி நின்றமைக்கு இது சான்றாகும்.

பிற்காலத்துப் பெருங்கப்பல்களும் புயலுக்குத் தப்பவில்லை. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் அரிது. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கவேண்டும். 1749 ஏப்ரலில் கடலூரை அடுத்த கடலில் வீசிய புயலில் ‘நமூர்’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் மூழ்கி, ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1761 சனவரி முதல்நாள், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் பல அழிந்து, ஏறத்தாழ ஆயிரத்து நூறு பேர் இறந்தனர். காற்று, பண்டைய வணிகன் என்றோ பிற்காலப் போர்வீரன் என்றோ வேறுபாடு பார்ப்பதில்லை.

2. பாஹியான் ஏறிய கலம்

சீன பிக்கு பாஹியான் நம் நாட்டில் பௌத்த நூல்களைத் தேடித் திரிந்து, இலங்கையில் இரண்டாண்டு தங்கி, 411ஆம் ஆண்டையொட்டித் தாயகம் திரும்பக் கலமேறினார். இருநூறு பேருக்கு மேல் ஏறிய அப்பெருங்கலத்தின் பின்னே, ஆபத்துக்கு உதவுமாறு ஒரு சிறுகலமும் கயிற்றால் பிணிக்கப்பட்டிருந்தது. இரண்டு நாளில் புயல் எழுந்தது. பெருங்கலத்தில் நீர் புகுந்தது. வணிகர் சிறுகலத்தை நோக்கி ஓடினர். அதிலிருந்தோரோ, பலர் ஏறினால் தாமும் மூழ்குவோம் என்றஞ்சிக் கயிற்றை அறுத்துவிட்டனர். பெருங்கலத்தார் சரக்குகளைக் கடலில் எறிந்தனர். பாஹியானும் தம் நீர்க்குடத்தையும் கைகழுவும் கலத்தையும் எறிந்தார். தாம் அரிதில் தேடிய நூல்களையும் திருவுருவங்களையும் எறிந்துவிடுவார்களோ என்பதே அவர் அச்சம். பதின்மூன்று நாள் கழித்து ஒரு தீவையடைந்து, நீர் வற்றியபோது ஓட்டையைக் கண்டு அடைத்தனர்.

சாவகத்தில் ஐந்து மாதம் தங்கியபின் அவர் வேறொரு கலத்தில் ஏறினார். மீண்டும் ஓரிரவு கருங்காற்றும் பெருமழையும் வந்தன. பொழுது விடிந்ததும் கலத்திலிருந்த பிராமணர் கூடிப் பேசி, “இந்தச் சமணத் துறவி ஏறியதாலன்றோ நமக்கு இத்துன்பம் வந்தது; ஒருவனுக்காக நாம் அனைவரும் அழியலாமா? இவனை ஒரு தீவில் இறக்கிவிடுவோம்” என்னும் கருத்துக்கு வந்தனர். அப்போது பாஹியானுக்குத் துணைநின்ற ஒருவர் எழுந்து, அவரை இறக்குவதாயின் தம்மையும் இறக்குக, அன்றேல் கொல்லுக என்றும், அவ்வாறு செய்தால் சீன அரசனிடம் முறையிடுவதாகவும் கூறினார். வணிகர் தயங்கினர், பிக்கு பிழைத்தார். அவர் காத்துக் கொணர்ந்த நூல்களும் பிழைத்தன.

இந்நிகழ்ச்சியை நாம் வெறுங்கதையாகப் படிக்க இயலாது. மழை பொய்த்தாலும் கொள்ளைநோய் வந்தாலும் அதற்குக் காரணமென ஊரார் ஒரு தெருவைச் சுட்டிக்காட்டியதை நம் முன்னோர் பலர் பட்டறிந்தவர்கள். ஓட்டை பலகையில் இருந்தது. பழியோ மனிதன்மேல் விழுந்தது.

3. நம் நூல்களுள் உள்ள ஐயம்

பழிசுமத்தும் இவ்வழக்கம் பிறரிடம் மட்டுமே உள்ளதன்று. லோசக சாதகத்தில், நடுக்கடலில் கலம் அசையாது நிற்கவே, சீட்டு எடுத்துப் பார்க்கின்றனர். அது மீண்டும் மீண்டும் மித்தவிந்தகன் என்பான் மீதே விழுகிறது. அவனை மூங்கில் தெப்பத்தில் இறக்கிவிட்டதும் கலம் ஓடுகிறது. முற்பிறப்பில் அவன் செய்த தீவினையே காரணம் என்பது அக்கதையின் கருத்து. அவ்வாறாயின், பாஹியானை இறக்கிவிட எண்ணியோர் செய்ததில் தவறென்ன என்று ஒருவர் வினவலாம். இவ்வினாவை நாம் மறைத்தல் ஆகாது.

விடை சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. மோலியசீவகன் என்னும் பரிவிராசகன், மனிதன் நுகரும் இன்பதுன்பம் அனைத்தும் முன்வினையால் வருவனவோ என வினவியபோது, பித்தம், சிலேட்டுமம், வாயு, பருவமாற்றம் முதலிய பல காரணங்களாலும் அவை தோன்றுவதைப் பகவன் எடுத்துக்காட்டி, எல்லாம் முன்வினையே என்போர் கண்கூடான உண்மையையும் உலகம் ஒப்புக்கொண்டதையும் கடந்து பேசுகின்றனர் என்றார். ஆகவே ஒரு சாதகக் கதையைக் கொண்டு துன்புறுவோனைக் குற்றவாளியாக்குதல் பகவனின் போதனைக்கு ஒவ்வாது. காற்று பருவத்தால் எழுகிறது. அதற்குச் சீட்டெடுத்து ஆள் தேடுதல் அறியாமையே.

4. சாதுவன் வகுத்த நெறி

மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதையை அறியாத தமிழ்ப் பௌத்தர் இலர். பொருளிழந்த சாதுவன் வணிகரோடு கடலோடினான், கலம் உடைந்தது, ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் வாழும் மலையருகே கரையேறினான். கரையடைந்தோரைக் கொன்று தின்னும் அம்மக்களின் மொழி அவனுக்குத் தெரிந்திருந்ததால் உயிர் தப்பினான். அவர்கள் தலைவனுக்கு அவன் கொல்லாமையை உணர்த்தினான். கள்ளும் ஊனும் இன்றி நாங்கள் வாழ்வதெங்ஙனம் எனத் தலைவன் கேட்க, சாதுவன் அவர்க்கு இயலும் அளவிலேயே அறம் வகுத்தான்: கலம் உடைந்து உயிர்தப்பி வருவோரைக் கொல்லாது காக்க வேண்டும், மூத்துத் தாமே இறந்த விலங்கின் ஊனன்றிப் பிற கொள்ளலாகாது. தலைவன் இசைந்து, முன்னர் வணிகரிடமிருந்து கைப்பற்றிய சந்தனமும் அகிலும் ஆடையும் பொருளும் அவனுக்குத் தந்தான். சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் சாதுவன் ஊர் திரும்பினான்.

ஈண்டு நோக்கத்தக்கது யாதெனில், கலம் உடைந்தவனே கரையிலிருப்போர்க்கு ஆசிரியனானான் என்பதாம்.

இந்நெறி காவியத்தோடு நின்றுவிடவில்லை. கடலலை கரையில் ஒதுக்கிய சரக்கு அரசனுக்கே உரியது என்பது பல நாடுகளில் வழக்காயிருந்தது. காகதீய மன்னன் கணபதிதேவன் ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் 1244-45இல் பொறித்த அபய சாசனம் அதனை மாற்றியது. புயலில் உடைந்து ஒதுங்கிய கலத்தின் பொருளனைத்தையும் முன்னைய மன்னர் பறித்தனர் என்றும், தாம் இரக்கத்தால் உரிய சுங்கமன்றிப் பிறவற்றை உடையவர்க்கே விடுவதாகவும் அவன் அறிவித்தான். அவன் பௌத்தனல்லன், எனினும் அறம் அறமே.

5. நாம் கொள்ள வேண்டுவது

வறுமையும் சாதிக்கொடுமையும் உடைத்த கலங்களிலிருந்து தாராவிக்கும் மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் கரையேறியோரின் மரபினர் நம்முட் பலர். அன்று அவர்க்குத் திண்ணையில் இடம் தந்தவர் உண்டு. கயிற்றை அறுத்தவரும் உண்டு. இன்று நாம் கரையில் நிற்கின்றோம். மொழியறியாது, கையில் ஒரு பையுடன் புதிதாய் வந்திறங்கும் பிறமாநிலத்துத் தொழிலாளி நம் வாயிலில் வாடகைக்கு அறை கேட்கும்போது, “இவர்கள் வந்த பிறகே ஊர் கெட்டது” என்னும் சொல் நம் நாவில் எழுமாயின், அக்கலத்தில் கூடிப் பேசியவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு என்ன? பஞ்சசீலத்தின் முதற்சீலம் கொல்லாமை. சாதுவன் அதனை விளக்கியபோது, கரையேறியவனைக் காத்தலையும் அதனுள் அடக்கினான்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. பாஹியான் கடலில் எறிந்தவை எவை? எறிய அஞ்சியவை எவை? இதனால் அறியப்படுவது யாது?
2. சிறுகலத்தார் கயிற்றை அறுத்ததற்கும், பிக்குவின் துணைவர் எழுந்து பேசியதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. எல்லாம் முன்வினையே என்னும் கொள்கையைப் பகவன் எவ்வாறு மறுத்தார்?
4. உம் தெருவில் அண்மையில் கரையேறியவர் எவர்? அவர்க்கு நீவிர் செய்தது என்ன?