12 சதவீதத் தள்ளுபடி, 12 வட்டி இல்லை

"பில்லை வங்கியில் வைத்தால் 12 சதவீதம் பிடிப்பார்கள். 12 வட்டி, அவ்வளவுதானே?" வியாபாரிகள் பலர் போடும் கணக்கு இது. தப்புக் கணக்கு.

ஓராண்டுத் தவணையுள்ள ஒரு லட்ச ரூபாய் பில்லை 12 சதவீதத்தில் தள்ளுபடி செய்தால் கைக்கு வருவது 88,000. வட்டியை முன்கூட்டியே பிடித்துவிடுகிறார்கள். 88,000-க்கு 12,000 என்றால் வட்டி 13.64 சதவீதம். தவணை மூன்று மாதமானால் வித்தியாசம் சுருங்கும். அப்போதும் ஆண்டுக்கு 12.37 வரும்.

இந்தக் கணக்கில் நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். தவணை உண்டியல் என்ற அந்தக் காலத்துப் பில்லைச் சென்னையில் இம்பீரியல் வங்கியிடம் கொடுத்துப் பணமாக்கியவர்கள். அவர்களில் ஒருவர் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்ததென்றால் சும்மாவா!

"செட்டியார் வாய்க்கு வந்ததுதான் வட்டி" என்ற பேச்சும் பாதிதான் உண்மை. ரங்கூன் மொகல் தெருவில் லேவாதேவிக் கடை வைத்திருந்த செட்டியார்கள் மாதாமாதம் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். பணம் தாராளமாகப் புரண்டால் இறங்கும், முடைப்பட்டால் ஏறும். ஆனால் அது பெரும்பாலும் அவர்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு. பர்மா விவசாயி கொடுத்த வட்டி அதைவிட எவ்வளவோ அதிகம். 1930-களின் நெல் விலைச் சரிவில் அவர் நிலமே கைமாறியது.

தள்ளுபடி விகிதத்தை ரிசர்வ் வங்கிதான் நிர்ணயிக்கிறது என்பது இன்னொரு நம்பிக்கை. ரிசர்வ் வங்கி அறிவிப்பது வங்கி விகிதம். வங்கிகளின் பில்களை அது மறுதள்ளுபடி செய்ய வைத்த விகிதம். 1935 ஜூலையில் 3.5 சதவீதம். இன்று செய்தியில் அடிபடுவது ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு அது குறுகிய காலக் கடன் கொடுக்கும் விகிதம்.

நாளை வரப்போகும் பணத்துக்கு இன்றைய மதிப்புப் போடவும் ஒரு தள்ளுபடி விகிதம் வேண்டும். அதை யாரும் அறிவிப்பதில்லை, மதிப்பிடுபவரே தேர்ந்தெடுக்கிறார். கானாடுகாத்தான் வீடொன்றை ஓட்டலுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டு கழித்து வரும் ஒரு லட்ச ரூபாய்க் குத்தகைப் பணத்தின் இன்றைய மதிப்பு 8 சதவீதத்தில் 46,319 ரூபாய். 12 சதவீதத்தில் 32,197. மதிப்பீட்டு அறிக்கை வந்தால் முதலில் அந்த விகிதத்தைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

ரெப்போ வந்ததால் வங்கி விகிதம் செத்துப்போனதாகவும் நினைக்க வேண்டாம். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறைக்காரர் சிறுதொழிலாகப் பதிந்திருந்து, சரக்கு வாங்கிய நிறுவனம் ஒப்பந்தம் இருந்தும் 45 நாளைத் தாண்டி இழுத்தடித்தால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாகக் கேட்கலாம்.