வேலையை நிறுத்தச் சொல்வது யார்?

சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் இடிந்து விழுந்தது. 61 பேர் மாண்டனர். பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். நம்மைப் போலக் கடல் தாண்டாவிட்டாலும் அவர்களும் ஊர் விட்டு ஊர் வந்தவர்களே. பக்கத்தில் நின்ற அதன் இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அந்த 61 பேரும் தலைக்கவசம் அணிந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார்கள். ஆகவே, பாதுகாப்பு என்றதும் தலைக்கவசத்தையும் பெல்ட்டையும் மட்டும் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

இரயில்வேயில் புதுப் பாதை போட்டால், பாதுகாப்பு ஆணையர் பார்த்து ஒப்புதல் தராமல் அதில் பயணிகள் வண்டி ஓடாது. அந்த ஆணையர் இரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் காரணம் உண்டு: பாதை போடுகிறவனுக்குத் திறப்பு விழாத் தேதி உண்டு, சோதிக்கிறவருக்கு அது கிடையாது.

தேதியின் நெருக்கடி என்ன செய்யும் என்பதை நானே அறிவேன். ஒரு பாலத்துக்கு அடித்தளக் குழி தோண்டும்போது மழை பிடித்தது. "இன்னும் ரெண்டு மணி நேரம் சார், முடிஞ்சிடும்" என்றார் மேஸ்திரி. சரி என்றேன். ஒரு மணி நேரத்தில் பக்கச் சுவர் சரிந்து, ஒரு தொழிலாளி இடுப்பளவு புதைந்தார். உயிர் தப்பியது, கால் தப்பவில்லை. மேஸ்திரியைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. சரி என்றவன் நான்.

சட்டம் இல்லாமலில்லை. கட்டடத் தொழிலாளர்களுக்கென்று 1996இல் மத்தியச் சட்டம் வந்தது. அதன் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல், 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு அதிகாரி வேண்டும். ஆபத்து நெருங்குகிறது என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி, முதலாளியிடமும் அதே நேரத்தில் அரசு ஆய்வாளரிடமும் சொல்லலாம். சொல்லும் உரிமை இருக்கிறது. ஆனால் நாளைக்கு வேலை இருக்குமா என்று அஞ்சுகிறவர் எப்படிச் சொல்வார்? ஆய்வாளர் தானாக வந்து பார்த்தால்தான் அந்த உரிமைக்கு உயிர் வரும். பாதுகாப்பு அதிகாரியும் காண்ட்ராக்டரிடம் சம்பளம் வாங்குகிறவர்தான்.

நம் தீவில் இந்த நெருக்கடி இன்னும் கூடுதல். மே முதல் டிசம்பர் வரை மழை. சிமெண்டும் கம்பியும் கப்பலில் வர வேண்டும். கப்பல் தாமதித்தால், வெயில் காலத்து நாலு மாதத்தில் எல்லாவற்றையும் முடிக்கப் பறப்பார்கள்.

வீட்டில் யாராவது சைட் வேலைக்குப் போகிறவர் இருந்தால், இரண்டு செய்திகளைச் சொல்லி வையுங்கள். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழியென்றால் பக்கங்களைச் சரிவாக வெட்டியிருக்க வேண்டும், அல்லது பலகை கொடுத்து முட்டு வைத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் இறங்கக் கூடாது. மழை பெய்த மறுநாள் காலையில் இன்னும் கவனம் தேவை.

மற்றொன்று சென்ட்ரிங். இந்தியத் தர விதிப்படி, சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டு போட்ட கூரைத் தளத்தின் அகலம் 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாளும், அதற்கு மேல் என்றால் 14 நாளும் முட்டுகளை எடுக்கக் கூடாது. 6 மீட்டரைத் தாண்டிய உத்தரத்துக்கு 21 நாள். சாம்பல் கலந்த சிமெண்டு என்றால் இன்னும் கூட்ட வேண்டும். கான்கிரீட் போட்ட தேதியைத் தூணில் சாக்பீஸால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். முட்டுகளைப் பிரிக்க வருகிற ஆள் முதலில் அதைப் படிக்கட்டும்.